நூற்று நாற்பத்து மூன்று முத்து

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. கப்பலில் ஏறும் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலித் தாள். அசல் மறுநாளே கைமாறிப் போய்விட்டது. இது அதன் கார்பன் பிரதி. நீலம் மங்கிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டாலும் கோடுகளை இன்னும் எண்ண முடிகிறது. நான்கு கோடுகள் நிமிர்ந்து நிற்கும். ஐந்தாவது அவற்றின் குறுக்கே படுத்திருக்கும். அப்படி இருபத்தெட்டுக் கட்டு, மிச்சம் மூன்று கோடு. ஆக, நூற்று நாற்பத்து மூன்று. சரக்கின் பெயர் எழுதும் இடத்தில் அப்பாவின் கையெழுத்தில் 'முத்து' என்று இருக்கிறது. கப்பலின் பெயர் எழுதும் இடத்தில் என் பெயர் இருக்கிறது.

தேதி இருக்கவேண்டிய வலது மேல்மூலையைச் செல் அரித்துவிட்டது. எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கமுள்ள எனக்கு இது சற்று அவமானம்தான். மற்றவற்றை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன், ஆகவே 1973. கோயிலில் பீடத்துக்கு ஊதாத் துணி போட்டிருந்தார்கள்; ஆகவே ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம். முழுப் பரீட்சை இன்னும் வரவில்லை. பங்குனி முதல் வாரம் என்று அம்மா சொல்கிறார். இரண்டாம் வாரம் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கிழமைகளில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூன்றாவது பாட்டின்போது எனக்குக் காய்ச்சல் கண்டது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது.

அப்பா ஒரு கப்பல் ஏற்றுமதி அலுவலகத்தில் டாலி கிளார்க். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்களே தவிர, கப்பல்கள் இன்னும் கரைக்கு வந்து நிற்கவில்லை. தொலைவில், கரையிலிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும் இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். உப்பு மூட்டையும் பஞ்சுப் பொதியும் தோணிகளில் போகும். எண்ணுகிறவர்கள் காலை ஆறு மணி லாஞ்சில், அதாவது மோட்டார் படகில், போவார்கள். மாலை ஆறு மணிக்குத் திரும்புவார்கள். இடையில் ஊரே தீப்பிடித்தாலும் அவர்களுக்குச் செய்தி போகாது. கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் அப்பா ஏறுவதை நான் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் பரணுக்கு ஏறும்போதுகூட ஒரு கையால் மார்பைத் தொட்டுக்கொள்வார். தாள் செருகும் கட்டையையும் பென்சிலையும் கடலில் விழாதபடி கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்த பழக்கம் அது.

அம்மா டெலிபோன் ஆபீஸில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டு ஆபரேட்டர். காலை ஏழு முதல் இரண்டு வரை. இரண்டு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த வருஷம் போவதாகப் பேச்சு இருந்தது. பட்டியல் போகும் நேரத்தில் அதிகம் லீவு போட்டவர்களின் பெயர் எப்படியோ கீழே இறங்கிவிடும் என்பதும் பேச்சில் இருந்தது.

ஆறு மணிக்குப் போகிற அப்பாவும் ஏழு மணிக்குப் போகிற அம்மாவும் என்னைப் பள்ளிக்கூடத்தை நம்பியே வளர்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாத நாள் ஒன்று வந்தால் என்ன செய்வது என்று இருவரும் யோசித்துவைத்ததாகத் தெரியவில்லை. உறவினர் எல்லாரும் சாத்தான்குளத்தில் இருந்தார்கள். அவர்களும் பெரும்பாலும் வாத்தியார்கள். மார்ச் மாதத்தில் வாத்தியாரைக் கூப்பிடக் கூடாது.

திங்கட்கிழமை அம்மா லீவு போட்டார். அன்று மாலை என் வயிற்றில் முதல் கொப்புளம் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அப்பா வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினார். அன்று மதியத்துக்குள் அது சின்னம்மைதான் என்று தெரிந்துபோயிற்று.

ஊர்ச் சுவர்களில் எல்லாம் பெரியம்மை வந்த குழந்தையின் படத்தை ஒட்டியிருந்த காலம் அது. அப்பாவின் அலுவலகத்திலும் ஒரு அறிவிப்பு தொங்கியது. வீட்டில் அம்மை கண்டவர்கள் மூன்று வாரத்துக்கு லாஞ்சில் ஏறக் கூடாது. மறைத்து ஏறியது தெரிந்தால் கப்பல் வேலை அதோடு சரி. சின்னதா பெரியதா என்ற வித்தியாசம் அறிவிப்பில் இல்லை. வெளிநாட்டுக் கேப்டன்களுக்கு அந்த வித்தியாசத்தை விளக்க யாருக்கும் நேரமும் இல்லை. மூன்று வாரம் கரையில் நின்றவனின் இடத்தில் வேறொருவன் ஏறிவிடுவான். ஏறியவன் இறங்க மாட்டான். அப்பாவுக்குச் சிறுவயதிலேயே அம்மை போட்டு ஆறியிருந்தது. ஆகவே தன்னால் யாருக்கும் ஒட்டாது என்று முடிவு செய்துகொண்டார். அந்த முடிவு சரியா என்று நான் பிற்பாடு படித்துப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய சரி. ஆனால் அவர் படித்துவிட்டு எடுத்த முடிவல்ல அது.

செவ்வாய் மாலை எனக்கு ஒத்திகை நடந்தது. அப்பா வாசலுக்குப் போய் அந்நிய மனிதராகத் திரும்பி வந்தார்.

"ஏளா பிள்ள, மேலெல்லாம் என்னது?"

"வேர்க்குரு."

"முத்து போட்டிருக்கோ?"

"முத்தெல்லாம் எங்க வீட்ல கிடையாது."

ஓய்வுநாள் பள்ளியில் அந்த வருஷம் நான் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்து ஒரு படம் பரிசு வாங்கியிருந்தேன். ஆகவே பொய் சொல்லலாமா என்று கேட்டேன். அப்பா என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பங்குனி வெயிலுக்கு அங்கே நிஜமாகவே நாலைந்து வேர்க்குரு இருந்தது. "இந்தா இருக்குல்லா? இதைச் சொன்னா பொய்யாகுமா?" என்றார். கட்டளையில் இதற்கு எதிராக எதுவும் இல்லை என்று எனக்கும் பட்டது.

எங்கள் வீட்டுக்கு எதிரே சங்குக் கடை அண்ணாச்சி இருந்தார். வளையல் அறுக்கும் சங்கைக் கல்கத்தாவுக்கு மொத்தமாக அனுப்புகிறவர். சிப்பி, சோழி, சிப்பியில் செய்த விளக்கு எல்லாம் சில்லறையாக விற்பார். தெருவில் டெலிபோன் இருந்த ஒரே இடம் அவர் கடை. கல்கத்தாவுக்கு டிரங்க் கால் கேட்டுக் கேட்டு அம்மாவின் குரல் அவருக்கு நேரில் பார்க்கும் முன்பே பழக்கம். அவருடைய சம்சாரத்துக்கு இரண்டு முறை அம்மை போட்டிருந்ததாம். மூன்றாவதைப் பற்றி அந்த அம்மாளுக்குப் பயம் இல்லை. நான் அவர்களை மதினி என்று கூப்பிடுவேன். ஏன் மதினி, ஏன் அத்தை இல்லை என்று கேட்டால் தெருவில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

புதன்கிழமை முதல் ஏற்பாடு இதுதான். கதவைப் பூட்டிச் சாவியை மதினியிடம் கொடுத்துவிட்டு அம்மா போய்விடுவார். மதினி மணிக்கொருமுறை வந்து பார்ப்பார். இளநீர் கொடுப்பார், கஞ்சி கொடுப்பார், புதிதாக எத்தனை முத்து வந்திருக்கிறது என்று எண்ணுவார். எங்கள் வீட்டில் வேப்பிலை செருகுகிற வழக்கம் இல்லை. மதினி தன் சேலைத் தலைப்பில் ஒரு கொத்தைக் கொண்டுவந்து என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "ஒங்கம்மைட்ட சொல்லாத" என்பார். பிறகு, "முத்து இறங்கட்டும், தலைக்குத் தண்ணி ஊத்திருவோம். இறங்கிட்டுன்னா நீ பாட்டுக்கு வெளையாடப் போவலாம்" என்பார். அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். இறங்குவது எப்போது என்று அன்று எத்தனை முறை கேட்டேன் என்பதை மட்டும் யாரும் குறித்துவைக்கவில்லை.

அம்மா போர்டில் வேலை சற்று ஓயும்போது கடை நம்பரில் கம்பியைச் செருகி மணியடிப்பார். சொந்தப் பேச்சுக்கு லைனை எடுப்பது குற்றம். ஆகவே முதலில், "கல்கத்தா கால் கேட்டிருந்தீங்களா?" என்பார். அண்ணாச்சி, "கேட்டிருந்தேன் தங்கச்சி" என்பார். அதற்குப் பிறகு நாலு வார்த்தை. பக்கத்து நாற்காலிப் பெண்களுக்கும் தெரியக் கூடாது. அவர்கள் நாள் முழுவதும் துறைமுகத்து அலுவலகங்களுக்கு லைன் கொடுப்பவர்கள். காய்ச்சல் என்றோ பிள்ளை என்றோ சொல்லாமல் பேச வேண்டும். அண்ணாச்சி வியாபாரி. அதிலொன்றும் சிரமம் இல்லை.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு நடந்த பேச்சை அம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அண்ணாச்சியும் தனியாகச் சொல்லியிருக்கிறார். ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

"முத்து எப்படி இருக்கு, அண்ணாச்சி?"

"நேத்து நாப்பது. இன்னைக்குப் புதுசா பதினாறு. வயித்துப் பக்கம் உள்ளதெல்லாம் நல்ல பெருசு பெருசா இருக்குன்னு ஒங்க மதினி சொன்னா."

"ஒடஞ்சிருக்கா?"

"ரெண்டு ஒடஞ்சிட்டு."

"யாரும் பாக்கலையே?"

"ஒரு ஈ காக்கா பாக்கல. பூட்டித்தான் வச்சிருக்கு. சாவி நம்ம வீட்டுலதான இருக்கு."

இந்த இடத்தில் லைனில் ஒரு சொடக்குச் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் அம்மாள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு எந்த லைனையும் கேட்கலாம். அது அவர் வேலை. நாற்பது வயதைத் தாண்டியவர், தனியாக வாழ்ந்தவர், நேர்மைக்குப் பேர்போனவர். தினமும் செய்தித்தாளில் இலங்கைக் கரையிலிருந்து வந்து பிடிபட்ட கடத்தல் சரக்கைப் பற்றிப் படிப்பவர். தூத்துக்குடியில் கடற்சிப்பி வியாபாரி ஒருவரும் டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தியும் முத்தைப் பற்றிப் பேசினால், அவருக்கு ஒரு பொருள்தான் தோன்றும். முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகியிருந்தது. அப்படியிருக்க, பெரிதாக ஐம்பத்தாறு முத்து எங்கிருந்து வரும்?

அம்மாவைப் போர்டிலிருந்து எழுப்பி உள்ளே கூப்பிட்டார். அம்மா உண்மையைச் சொன்னார். அதுவரை அவர் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தது வேறு. திங்கட்கிழமை லீவுக்குத் தனக்குத்தான் தலைவலி என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதினால் லீவு கிடையாது. புதன்கிழமை யாரோ விசாரித்தபோது மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்றிருந்தார். ஒரு வாரத்தில் மூன்று விதமாகப் பேசுகிறவளின் மூன்றாவது பேச்சை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று மேற்பார்வையாளர் அம்மாள் கேட்டாராம். நியாயமான கேள்விதான். "நீ இங்கயே உக்காரு. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் கிளம்பிவிட்டார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

ரிக்‌ஷா முதலில் கடை முன்னால் நின்றது. மூக்குக் கண்ணாடியும் குடையும் கைப்பையுமாக இறங்கிய அம்மாளை அண்ணாச்சி முனிசிபாலிட்டிச் சுகாதாரத்திலிருந்து வந்தவர் என்று எண்ணிவிட்டார்.

"இங்க முத்து இருக்கா?"

"முத்தா? நம்மகிட்ட ஏதும்மா முத்து? சங்கு இருக்கு, சோழி இருக்கு. கொழந்தைக்குப் பாலாடை வேணும்னா சங்குலயே தாரேன்."

"எதுத்த வீட்டுச் சாவி ஒங்ககிட்ட இருக்குதுல்லா?"

"எந்த வீடு? எந்தச் சாவி?"

அண்ணாச்சி எங்களுக்காகச் செய்த தியாகங்களில் இது ஒன்று. பொய் பழக்கமில்லாதவர். இரண்டு பதிலிலேயே வியர்த்துவிட்டது. மேற்பார்வையாளர் அம்மாள் அந்த வியர்வையைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்தார்.

எங்கள் ஜன்னல் கதவு பாதி சாத்தியிருந்தது. அறைக்குள் இருட்டு. அம்மா காலையில் என் முகத்துக்கும் கைக்கும் வேர்க்குருப் பவுடரை நிறையப் பூசிவிட்டுப் போயிருந்தார். அரிப்புக்கும் ஆகும், பார்ப்பவர் கண்ணுக்கும் ஆகும் என்ற எண்ணம். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஜன்னல் கம்பிக்கு அப்பால் குடையும் கண்ணாடியும் தெரிந்தன. ஒத்திகையில் வந்த அந்நியர் அப்பாவைப்போல இருந்தார். இவர் நிஜமான அந்நியர். எனக்குப் பயம் வரவில்லை. பரீட்சைக்குப் படித்த கேள்வியே வந்துவிட்ட சந்தோஷம்தான் வந்தது.

"பாப்பா, நீ பள்ளிக்கூடம் போகலையா?"

இது ஒத்திகையில் இல்லை. அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன்.

"மேலுக்கு என்ன செய்யுது?"

"வேர்க்குரு."

அவர் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு பின்வாங்கினார். அம்மையாக இருந்தால் நெருங்கக் கூடாது. இல்லையென்றால் நெருங்கிப் பார்க்க ஒன்றுமில்லை. அந்தச் சிக்கலில் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஒங்கம்மா சொன்னாங்களே, ஒனக்கு முத்து போட்டிருக்குன்னு?"

குரல் கொஞ்சம் இளகித்தான் இருந்தது. ஆம் என்று ஒரு தலையசைப்பு வந்தால் போதும், அவர் திரும்பிப் போயிருப்பார். இது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

"முத்தெல்லாம் எங்க வீட்ல கிடையாது" என்றேன். ஒரு எழுத்து பிசகவில்லை.

இரண்டே முக்கால் மணிக்கு அம்மா வந்தார். கையில் ஒரு மெமோ இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஆதாரத்துடன் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் மேலிடத்துக்கு அறிக்கை போகும். தற்காலிகப் பணியாளர் மேல் அறிக்கை போனால் அதற்குப் பிறகு விசாரணைகூட இருக்காது. மறுநாள் முதல் வரவேண்டாம் என்று ஒரு வரி வரும். மெமோவின் இரண்டாம் பத்தியில், பேச்சில் குறிப்பிடப்பட்ட ஐம்பத்தாறு முத்துகள் தற்போது எங்கே உள்ளன என்று கேட்டிருந்தார்கள்.

ஜன்னலுக்கு வந்த பெண்ணிடம் என்ன சொன்னாய் என்று அம்மா கேட்டார். நடந்ததை நடித்தே காட்டினேன். குடை பிடித்ததையும்கூட. அம்மா அடிக்கவில்லை, வையவும் இல்லை. பவுடர் டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சற்றுநேரம் ஒன்றும் சமைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

ஆறு மணி லாஞ்சில் அப்பா வந்தார். சட்டையில் உப்புத் தூள். மெமோவை நின்றபடியே படித்தார். நான் விளங்கிக்கொள்ளக் கூடாத விஷயங்களை அவர்கள் இங்கிலீஷில் பேசுவார்கள். மிஷன் பள்ளிக்கூடம் இருவருக்கும் தந்த வசதி அது. அன்று வெகுநேரம் இங்கிலீஷ் நடந்தது. 'சர்டிபிகேட்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. முனிசிபாலிட்டியின் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அது ஆதாரம். ஆனால் அவர் சீட்டு எழுதினால் ரிஜிஸ்தரிலும் வீட்டு விலாசத்தை எழுதுவார். அம்மை கண்ட வீடுகளின் பட்டியல் தினமும் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவின் வேலைக்கு எங்கள் வீட்டில் முத்து இருக்கக் கூடாது. அம்மாவின் வேலைக்கு இருக்க வேண்டும். என் உடம்பு ஒன்றுதான் இருந்தது.

ஒரு கட்டத்தில் அம்மா தமிழுக்கு வந்துவிட்டார். "என் வேலை போனா போவட்டும். நீங்க ஏறுன ஏணிய விட்றாதீங்க" என்றார். அப்பா சட்டைகூட மாற்றாமல் என்னைக் கூப்பிட்டு விளக்குக்கு அடியில் முக்காலியில் நிறுத்தினார். கழுத்திலிருந்த தாள் கட்டையைக் கழற்றவில்லை. "அசையாத, என்ன?" என்றார்.

அப்பா எண்ணுவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கப்பலில் இரண்டு தளத்தில் ஒரே நேரத்தில் ஏறும் மூட்டைகளைத் தனி ஆளாக எண்ணக்கூடியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். உதடு அசையவில்லை. பென்சில் நுனி என்மேல் படாமல் ஒவ்வொரு முத்தாகக் காட்டிக்கொண்டே போகும். அப்புறம் தாளில் ஒரு கோடு. வயிறு, நெஞ்சு, கை, கால், முதுகு. கூச்சத்தில் நெளிந்தேன். "ஏளா, சரக்கு ஆடக் கூடாது" என்றார். நூற்று நாற்பத்திரண்டு வந்தது. இரண்டாம் முறை எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று. இடது காதுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தது. மூன்றாம் முறையும் எண்ணி உறுதி செய்தார்.

மதினியின் ஐம்பத்தாறுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவரை உறுத்திற்று. மெமோவில் ஒரு எண் இருந்தால் பதிலிலும் அந்த எண் வரவேண்டும் என்பது அவர் கட்சி. குறிப்பு எழுதும் இடத்தில், காலையில் எண்ணியவர் முதுகில் உள்ள நாற்பத்தொன்றைப் பார்க்கவில்லை என்றும், அதற்குப் பிறகும் புதிதாக வந்துகொண்டிருக்கிறது என்றும், உடைந்தவை பதினொன்று என்றும் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நின்றபின் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வை என்றுதான் நான் எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா லாஞ்சுக்குப் போகவில்லை. எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்தார். அவர் வாசலில் நின்றபடியே பார்த்து, சின்னம்மைதான் என்று சீட்டு எழுதிவிட்டு, எங்கள் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு அடையாளம் போட்டார். பத்து மணிக்குள் சீட்டையும் டாலித் தாளின் அசலையும் அம்மா கொண்டுபோய்க் கொடுத்தார். மேற்பார்வையாளர் அம்மாள் சீட்டை ஒரு முறை படித்தாராம். தாளை ரொம்ப நேரம் பார்த்தாராம். "முதுகிலேயே நாப்பத்தொண்ணா? பாவம், எப்படிப் படுக்கும்?" என்று மட்டும் கேட்டாராம். மெமோ கோப்புக்குப் போகவில்லை. அம்மாவை மூன்று வாரம் சம்பளமில்லாத லீவில் வீட்டுக்கு அனுப்பினார். பெயரைப் பட்டியலில் இருந்து எடுக்கவில்லை. அம்மா அதே ஆபீஸில் நிரந்தரமாகி அங்கேயே ஓய்வு பெற்றார். சொல்லப்போனால் பிற்பாடு அந்த மேற்பார்வை நாற்காலியிலும் உட்கார்ந்தார். அந்தக் காதுக் கருவியைத் தான் மாட்டியதில்லை என்கிறார். இதற்கு எனக்கு வேறு ஆதாரம் கிடைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் அப்பா, பட்டியல் போய்ச் சேரும் முன்பே சொல்லிவிடுவது மரியாதை என்று, தன் அலுவலகத்துக்குப் போனார். புதனும் வியாழனும் லாஞ்சில் ஏறியதையும் மறைக்காமல் சொன்னார். அறிவிப்பில் எழுதியிருந்தபடியே நடந்தது. மூன்று வாரம் கழித்து அவரைக் கடற்கரைச் சாலையில் உப்புக் கிட்டங்கியில் போட்டார்கள். கடைசிவரை அங்கேதான் எண்ணினார். தரையில் அடுக்கி வைத்த மூட்டைகள், அவை ஆடுவதில்லை. சில வருஷங்களில் கப்பல்கள் புதுத் துறைமுகத்தில் கரையோடு வந்து நின்றுவிட்டன. கயிற்றேணியே தேவைப்படாமல் போயிற்று. ஆகையால் இழப்பு பெரிதில்லை என்று அவர் ஒரு தடவை சொன்னார். கடலைப் பார்க்காமல் சொன்னார் என்று என் குறிப்பில் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் பிறகு சேகரித்தவை. அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பகல் நேரத்தில் அப்பா, அம்மா இருவருமே வீட்டில். பண்டிகையோ ஞாயிற்றுக்கிழமையோ இல்லாமல் அப்படி ஒரு நாளை நான் அதுவரை கண்டதில்லை. நான்கு மணிக்குத் தெருக்கதவு திறந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். அப்பா செருப்பைக் கழற்றினார். கழுத்தில் கயிறு இல்லை.

"இறங்கியாச்சா?" என்று அம்மா கேட்டார்.

"இறங்கியாச்சு" என்றார் அப்பா.

நான் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். கையைப் பார்த்தேன். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. முழங்கையில் இரண்டு புதிதாகவும் வந்திருந்தன.

"இல்லப்பா, இன்னும் ஒண்ணுகூட இறங்கல. பாருங்க" என்று கையை நீட்டினேன்.

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்தார். வழக்கத்தில் விரல்கள் மார்புக்குப் போய், அங்கே பென்சில் இல்லாமல் திரும்பின. "ஆமா, இருக்கு" என்றார்.

அப்பாவின் கணக்கு தப்பியதை ஊரிலேயே முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது.